பாலத்தைப் பார்க்க ஆற்றுக்குள் இறங்குங்கள்

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு சிவில் இன்ஜினியரிங் சேரப் போகிறான். கல்லூரி திறப்பதற்குள் மூன்று நாள் காரில் கிளம்பி, நம் பக்கத்துப் பழைய பாலங்களை அவனுக்குக் காட்டலாம் என்று நினைக்கிறேன். எவற்றைப் பார்க்கலாம், எந்த வரிசையில் போகலாம்? பாலத்தில் என்ன பார்ப்பது என்பதே எனக்குத் தெரியவில்லை. நாங்கள் மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறோம்.

பதில்: ரொம்ப நல்ல யோசனை அம்மா. முப்பது வருஷம் சாலைப் பாலங்களோடு இருந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாலத்தின் மேலே நின்றால் ஆறுதான் தெரியும், பாலம் தெரியாது. எந்த ஊருக்குப் போனாலும் பாலத்துக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். அங்கே மணலா பாறையா, ஓடுவது வெள்ளமா, கப்பலா என்று பார்த்துவிட்டால், அந்தப் பாலத்துக்கு ஏன் அந்த உருவம் வந்தது என்று பாதி புரிந்துவிடும்.

முதல் நாள் விடிந்ததும் நம்ம ஏ.வி. பாலத்திலிருந்து ஆரம்பியுங்கள். தம்பி இதன்மேல் நூறு தடவை போயிருப்பான், அடியில் ஒரு தடவைகூடப் போயிருக்க மாட்டான். சிம்மக்கல் பக்கத்தையும் கோரிப்பாளையத்தையும் இணைக்கிற இந்தப் பாலம் 1889-இல் திறக்கப்பட்டது. விக்டோரியா ராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர்தான் சுருங்கி ஏ.வி. ஆனது. வைகை வறண்டிருக்கும் காலத்தில் ஆழ்வார்புரம் பக்கமாக ஆற்றுக்குள் இறங்கலாம். சாக்கடைத் தண்ணீரும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும், செருப்பு போதாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

அடியில் நின்று பார்த்தால் வளைவு வளைவாகப் போகும். நம் ஆட்கள் ஒவ்வொரு வளைவின் திறப்பையும் 'கண்' என்பார்கள். மதகுக்கும் கண், பாலத்துக்கும் கண். வளைவு எப்படி நிற்கிறது என்பதை அங்கேயே தம்பிக்குக் காட்டிவிடலாம். அவனுடைய இரண்டு மணிக்கட்டையும் கார் பானட்டின் மேல் ஊன்றி, விரல் நுனிகளை மேலே சேர்த்து வளைவு மாதிரி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் உச்சியில் அழுத்துங்கள். விரல்கள் பிரியாது, இன்னும் இறுகும். ஆனால் மணிக்கட்டு இரண்டும் வெளிப்பக்கமாக நழுவப் பார்க்கும். கல் வளைவின் சங்கதி முழுவதும் இதில் இருக்கிறது. மேலே பாரம் ஏற ஏறக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்கின்றன. பக்கவாட்டில் தள்ளுகிற அந்த விசையை யாராவது தாங்கியாக வேண்டும். நடுத் தூண்களில் இந்தப் பக்கத்து வளைவும் அந்தப் பக்கத்து வளைவும் எதிரெதிராகத் தள்ளிச் சரிக்கட்டிவிடும். இரண்டு கரையிலும் அப்படித் துணை கிடையாது. அதனால் அங்கே கட்டுமானம் பெருத்து இருக்கும். கரை ஓரத்தையும் நடுத் தூணையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் வளைவின் வயிற்றுப் பகுதியை உற்றுப் பாருங்கள், ஒரு டார்ச் இருந்தால் நல்லது. பழைய கல்பாலங்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடு வடிந்திருக்கும். மேலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் சாந்தில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதால் வரும் கோடு அது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன சாலைப் பாலத்துக்கு அடியில் வயதான மேஸ்திரி ஒருவர் என் கையில் சுத்தியலைக் கொடுத்து, "தட்டிப் பாருங்க சார், கல்லு பேசும்" என்றார். நன்றாக உட்கார்ந்த கல் 'டிண்' என்று கணீரென ஒலிக்கும். சாந்து போன கல் 'டொக்' என்று செத்த ஒலி கொடுக்கும். அந்தப் பாலத்தில் ஓர் இடுக்கில் விரல் நீளத்துக்கு ஓர் அரசங்கன்று இருந்தது. மேஸ்திரி அதை வெட்டாமல், சாந்தைக் கொத்தி வேரோடு எடுத்தார். வெட்டினால் வேர் உள்ளேயே பருத்துக் கல்லைப் பிளந்துவிடும் என்றார். இன்றைக்கும் பழைய பாலத்தில் அரசங்கன்றைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. நீங்கள் சுத்தியல் கொண்டுபோக வேண்டாம், கையால் தொட்டுப் பார்த்தால் போதும். தூணின் மேற்குப் பக்கத்தையும் பாருங்கள். வைகை அங்கிருந்துதான் வருகிறது. ஆற்றுப் பாலங்களில் தண்ணீர் மோதும் பக்கத்தில் தூணைக் கூராகவோ உருட்டியோ கட்டும் வழக்கம் உண்டு, வெள்ளம் முட்டி நிற்காமல் பிரிந்து போகட்டும் என்று.

அப்படியே பக்கத்தில் யானைக்கல் தரைப்பாலத்தையும் பார்த்துவிடுங்கள். இதன் கணக்கே வேறு. ஏ.வி. பாலம் வெள்ளத்துக்கு மேலே நிற்கக் கட்டியது. தரைப்பாலமோ வெள்ளம் வந்தால் முழுகிக்கொடுக்கும், வடிந்ததும் திரும்ப வழிவிடும். இந்த வகைப் பாலத்தில் உயரமான கைப்பிடிச் சுவர் வைக்கக் கூடாது. வைத்தால் அடித்துவரும் மரமும் செத்தையும் அதில் சிக்கி, ஆறு மொத்த பாரத்தையும் பாலத்தின் மேல் போட்டுவிடும். வைகை மாதிரி வருஷத்தில் பாதி நாள் மணலாகவும் திடீரென ஒரு நாள் கரை தொட்டும் ஓடும் ஆற்றுக்கு, குறைந்த செலவில் இது கெட்டிக்கார யோசனை என்றே சொல்வேன். தண்ணீர் மேலே போகும்போது மட்டும் யாரும் அதில் கால் வைக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. மதுரையில் மழை இல்லாவிட்டாலும் வைகை அணையில் தண்ணீர் திறப்பார்கள். இறங்குவதற்கு முன் அன்றைய செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களும் இதற்குத் தோதுப்படாது. அழகர் ஆற்றில் இறங்கும் இடம் ஏ.வி. பாலத்துக்குப் பக்கம்தான், கால் வைக்க இடம் இருக்காது.

காலை டிபனை முடித்துக்கொண்டு பாம்பனுக்குக் கிளம்பினால் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். அங்கே பிரச்சினை வெள்ளம் இல்லை, பாலத்துக்குக் குறுக்கே போகும் கப்பல்கள். பாலத்தை எல்லா இடத்திலும் உயர்த்திக் கட்ட முடியாது, ரயில் செங்குத்தாக ஏறாதே. அதனால் பாலத்தையே திறந்து மூடுகிற மாதிரி அமைத்தார்கள். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலம் சுமார் 2 கிலோமீட்டர் நீளம், நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட கண். அதில் கப்பல் வழிக்கான ஒரு கண் மட்டும் ஷெர்சர் என்பவர் பெயரில் வழங்கும் உருளும் முறையில் அமைந்தது. இரண்டு கைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் வளைந்த அடிப்பகுதியின் மேல் ராக்கிங் சேர் சாய்கிற மாதிரி பின்னால் உருண்டு மேலே எழும்பும். பின்பக்கம் எதிர்ப்பாரம் இருப்பதால், நூற்றுக்கணக்கான டன் இரும்பை இருபுறமும் ஆட்கள் நின்று கையாலேயே சுற்றித் திறந்தார்கள். கிணற்றடியில் ஏற்றத்தின் பின்முனையில் பாரம் கட்டித் தண்ணீர் இறைக்கிற அதே கணக்குதான்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலோடு ஊரே போனது. பாலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள், கடலில் விழுந்தன. ஆனால் அந்தத் திறக்கும் பகுதி மட்டும் தப்பி நின்றது. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில், கடலுக்குள் விழுந்த கர்டர்களைத் தேடித் தூக்கி எடுத்து, 46 நாளில் ரயிலை ஓட்டிவிட்டார்கள். இதைத் தம்பிக்கு அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள்.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே கண், லிப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் மேலே போகிறது. பழையதைப் பிரித்து எடுப்பதாக முடிவு என்பதால், எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவையும் சீக்கிரம் போய்ப் பார்ப்பது நல்லது. இரண்டையும் பார்க்க ஏற்ற இடம் 1988-இல் திறந்த சாலைப் பாலம். வண்டியைப் பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள். மண்டபம் பக்கமோ பாம்பன் பக்கமோ ஓரம்கட்டிவிட்டு நடந்து வாருங்கள். உச்சி வெயிலில் கடல் கண்ணைப் பறிக்கும், மாலை நான்குக்கு மேல் சரியாக இருக்கும். இன்னொன்று: இரும்பில் உப்புக்காற்று என்ன செய்கிறது என்பதைப் பழைய கர்டர்களில் பார்க்கச் சொல்லுங்கள். கடலில் பாலம் கட்டுவதைவிட அதைத் துருப்பிடிக்காமல் வைத்திருப்பது பெரிய வேலை.

ராமேஸ்வரத்தில் தங்கிவிட்டு, இரண்டாம் நாள் சாயல்குடி, தூத்துக்குடி வழியாகத் திருநெல்வேலி போங்கள். எனக்குத் தென்பக்கத்தில் மிகவும் பிடித்த பாலம் அங்கேதான் இருக்கிறது: தாமிரபரணியின் மேல் சுலோச்சன முதலியார் பாலம். நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையில் படகில்தான் கடக்க வேண்டியிருந்த காலம் அது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். 1843 நவம்பரில் திறந்தார்கள். பதினோரு கண், ஒவ்வொன்றும் 60 அடி. லண்டனில் தேம்ஸ் நதிமேல் இருந்த வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். கொக்கிரகுளம் பக்கம் ஆற்றில் இறங்கினால் வளைவுகள் வரிசையாகத் தெரியும். ஏ.வி. பாலத்தில் கற்ற பாடத்தை இங்கே தம்பி உங்களுக்குச் சொல்லட்டும்.

இங்கே இரண்டாவது பாடமும் இருக்கிறது. கணுக்கால் அளவு ஓடும் தண்ணீரில் மணல்மேல் அசையாமல் ஒரு நிமிஷம் நில்லுங்கள். குதிகாலுக்கு அடியில் மணல் பறிந்துகொண்டே போகும், உடம்பு பின்னால் சாயும். ஆற்றுத் தூணுக்கும் இதுவேதான் நடக்கிறது. நாங்கள் அரிப்பு என்போம். நான் பார்த்தவரை ஆற்றுப் பாலம் பாரம் தாங்காமல் விழுந்தது குறைவு, அடியில் மண் போய் விழுந்ததுதான் அதிகம். 1869 வெள்ளத்தில் நெல்லைப் பாலம் பெருத்த சேதம் கண்டு, பிறகு சரிசெய்யப்பட்டது. மாதிரியாக இருந்த வாட்டர்லூ பாலத்தின் கதையும் அதுதான். 1831-இல் பழைய லண்டன் பாலத்தை இடித்ததும் தேம்ஸில் நீரோட்டம் வேகம் பிடித்தது, வாட்டர்லூவின் தூண்களுக்கு அடியில் அரித்தது. கடைசியில் தூண் இறங்கி, 1930-களில் அதையே இடித்துவிட்டார்கள். அசலே போய்விட்டது, அதைப் பார்த்துக் கட்டிய நம் நெல்லைப் பாலம் பிற்காலத்தில் அகலமாகி இன்னும் பஸ்ஸைச் சுமக்கிறது. ஆற்றில் மணலை அளவில்லாமல் அள்ளினால் பாலத்துக்கு என்ன ஆகும் என்பதையும் தம்பி இங்கேயே யோசித்துப் பார்க்கட்டும். எனக்கு அந்தக் கவலை எப்போதும் உண்டு.

ஜங்ஷன் பக்கம் போகும்போது 1970-களின் ஈரடுக்கு மேம்பாலத்தைக் காரிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். வில்லும் நாணும் மாதிரி, மேலே கான்கிரீட் வளைவு, அதிலிருந்து தொங்கும் தளம். வளைவின் தள்ளுவிசையை இங்கே கரை தாங்கவில்லை, கீழே நாண் மாதிரி இழுத்துப் பிடித்திருக்கும் தளமே தாங்குகிறது. அந்த ஒரு வித்தியாசத்தைச் சொன்னால் போதும்.

மூன்றாம் நாள் தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு கடந்து, கழுதுருட்டியில் நிறுத்துங்கள். சாலை ஓரத்திலேயே பதிமூன்று கண் பாலம் நிற்கும். 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய தடம், உயரம் சுமார் 100 அடி. இங்கே ஆற்றைவிடப் பள்ளத்தாக்குதான் பிரச்சினை. மலையில் ரயில் மெதுவாகத்தான் ஏற முடியும், பள்ளத்தில் இறங்கி ஏற வழியில்லை. ஆகவே மட்டம் மாறாமல் ஒரு பக்கத்து மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கல்வளைவுகளின் மேலேயே போகிறது. தூண்கள் நெட்டையாக, கண்கள் குறுகலாக இருக்கும். நெல்லையில் பார்த்த குட்டைத் தூணும் அகலக் கண்ணும் நினைவில் இருக்கும்போதே இதைப் பார்ப்பது முக்கியம், அதனால்தான் இந்த வரிசையைச் சொன்னேன். மீட்டர் கேஜ் என்ற குறுகலான ரயில் பாதைக்குக் கட்டிய பாலம், வலுப்படுத்தப்பட்டு 2018 முதல் அகலப்பாதை ரயிலைச் சுமக்கிறது. தண்டவாளத்தில் ஏறிப் படம் எடுக்க ஆசை வரும், கண்டிப்பாக வேண்டாம். கீழிருந்து பார்ப்பதுதான் அழகும்.

நேரம் மிச்சமிருந்தால் இன்னும் கொஞ்ச தூரத்தில் புனலூரில் 1877-இல் கட்டி முடித்த தொங்கு பாலம் இருக்கிறது, கல்லடையாற்றின் மேல். இப்போது நடந்து மட்டும் போகலாம். வளைவில் கற்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, இங்கே சங்கிலி இழுபட்டு நிற்கிறது. பாம்பனையும் சிலர் தூக்குப் பாலம் என்பார்கள், இதையும் தூக்குப் பாலம் என்பார்கள். தம்பி குழம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்று தூக்குவது, மற்றது தொங்குவது.

திரும்பும்போது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழி நேராக மதுரை. ஜூன், ஜூலையில் போனால் வைகை வறண்டிருக்க வாய்ப்பு அதிகம், குற்றாலத்திலும் சாரல் இருக்கும். ஆனால் சனி, ஞாயிறில் தென்காசி சாலை நெரிசலாகிவிடும், அதனால் மூன்றாம் நாள் வார நாளாக வரும்படி கிளம்புங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். போட்டோ எடுத்தால் மறந்துவிடும், ஒவ்வொரு பாலத்திலும் ஒரே ஒரு கண்ணையாவது கையால் வரைந்து, பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள்.