கேம் அட்டையில் 18 என்று இருந்தால்…

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் மகனின் போனில் உள்ள கேமுக்கு 12+ என்று போட்டிருக்கிறது. அவனுக்கும் 12 ஆகிவிட்டது. விட்டுவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த எண், கேமில் அடிதடி, ரத்தம், கெட்ட வார்த்தை, ஆபாசம், சூதாட்டம் எந்த அளவுக்கு வருகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு மூளையைக் கசக்கினாலும் சதுரங்கம் 3+தான். நம் நாட்டில் சினிமாவுக்கு இருப்பது போன்ற சென்சார் போர்டு கேமுக்குக் கிடையாது. கேம் தயாரித்தவர் நிரப்பும் ஐ.ஏ.ஆர்.சி. (கேம்களுக்கு வயது எண் தரும் சர்வதேசக் கூட்டமைப்பு) கேள்விப் படிவத்தை வைத்துத்தான் பிளே ஸ்டோரில் எண் விழுகிறது. மைக்கில் முகம் தெரியாத ஆள் பேசுவது அந்தக் கணக்கில் வராது. எண்ணைத் தொட்டுப் பாருங்கள். சாட் உண்டா, உள்ளே காசு கேட்குமா என்று தனியாகப் போட்டிருக்கும். எனக்கு வயதைவிட இந்த இரண்டும்தான் முக்கியமாகப் படுகிறது.

பூட்டுப் போட: பிளே ஸ்டோரில் மேலே உள்ள புரொஃபைல் படம் → செட்டிங்ஸ் → ஃபேமிலி → பேரன்டல் கன்ட்ரோல்ஸ். நான்கு இலக்க பின் போட்டு வயதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே ஏற்றிய கேமை இது தொடாது. அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும். பிளே ஸ்டோருக்கு வெளியே பிரவுசரில் இறக்கும் ஏ.பி.கே.யையும் (ஆப்பை ஏற்றும் ஃபைல்) தடுக்காது. போன் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' பகுதிக்குப் போய் குரோம், வாட்ஸ்அப் இரண்டுக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். வீட்டில் டேப்லெட் இருந்தால் அதிலும் தனியாகப் பூட்ட வேண்டும்.

கேள்வி: பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கன்சோலில் மகளுக்குக் குழந்தைக் கணக்கு தொடங்கி வயது வரம்பும் வைத்தேன். அப்படியும் 18 போட்ட 'ஜிடிஏ 5' ஓடுகிறதே?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: டிஸ்க்கில் குறை இல்லை. மகளின் கணக்கில் போட்டால் திறக்காது. பாஸ்கோடு இல்லாத உங்கள் கணக்கில் நுழைந்துதான் விளையாடியிருப்பார். செட்டிங்ஸ் → யூசர்ஸ் அண்ட் அக்கவுன்ட்ஸ் → லாகின் செட்டிங்ஸில் உங்கள் கணக்குக்குப் பாஸ்கோடு வையுங்கள். பிறகு 'ஃபேமிலி அண்ட் பேரன்டல் கன்ட்ரோல்ஸ்' பகுதியில் 'பிஎஸ்5 கன்சோல் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' போய், புதிய யூசர் உருவாக்குவதையும் கெஸ்ட் லாகினையும் நிறுத்துங்கள். அங்கே கேட்கும் எண் கம்பெனியிலிருந்து 0000 என்றே வரும். பிள்ளைகளுக்கு இது தெரியும். மாற்றுங்கள், பிறந்த தேதி வேண்டாம்.