விசா கிடைத்த பின் ஜெபம் வறண்டுபோனது பற்றி

அன்புள்ள சகோதரிக்கு,

கனடா விசாவுக்காகப் பல வாரங்கள் உபவாசித்ததாகவும், அது கைக்கு வந்த பின் ஜெபிக்க மனம் எழவில்லை என்றும், தேவனை விசாவுக்காகத்தான் தேடினேனோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர்மேல் அன்பே இல்லாதவருக்கு இந்த அச்சம் வராது என்று நான் நம்புகிறேன்.

வேதாகமத்தில் யாத்திராகமம் 33ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். தூதனை அனுப்பிப் பாலும் தேனும் ஓடுகிற தேசத்தைத் தருவதாகவும், ஆனால் தாம் இஸ்ரவேல் மக்கள் நடுவே செல்வதில்லை என்றும் தேவன் சொன்னபோது, வாக்குப்பண்ணப்பட்டது முழுவதும் கைக்கெட்டும் நிலையில் இருந்தும், உமது சமுகம் கூட வராவிட்டால் எங்களை இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம் என்று மோசே மன்றாடினார். தேசம் மட்டும் அவருக்குப் போதவில்லை.

1995 ஒக்ரோபரில் போரினால் யாழ்ப்பாணத்தில் நேர்ந்த இடப்பெயர்வில், வீட்டையும் வளவையும் விட்டு நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்த இரவில், என் அம்மா எதையும் கேளாமல், "ஆண்டவரே, நீர் எங்களோடு இருக்கிறீர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். சிறுவனாயிருந்த எனக்கு அது அன்று விளங்கவில்லை.

விசாவைக் குறித்துக் குற்றவுணர்வு வேண்டாம். அதுவும் அவர் தந்ததே. புறப்படும் வரை தினமும் கால்மணி நேரம், விண்ணப்பம் எதுவும் வைக்காமல், உம்மையல்லாமல் எனக்கு யார் உண்டு என்று கேட்கும் 73ஆம் சங்கீதத்தை வாசித்து, எங்களுக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்.