டிசம்பர் தொடக்கத்தில் நிசெகோ: பனி போதுமா?

வணக்கம் சகோதரரே. பள்ளி விடுமுறைக்குப் பினாங்கிலிருந்து குடும்பத்தோடு டிசம்பர் முதல் வாரமே ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் உள்ள பனிச்சறுக்குத் தலம் நிசெகோவுக்குப் போகலாமா, பனிச்சறுக்கை வீடியோ பார்த்தே பழகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முடிந்தால் மாதக் கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள். சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்துதான் ஹொக்கைடோவில் பனியாகக் கொட்டுகிறது. டிசம்பர் தொடக்கத்தில் அடிப்பனி மெலிதாக இருக்கும், பல சரிவுகள் திறந்திருக்காது. ஜனவரிதான் உச்சம். ஆனால் புதியவர்களுக்கு முழங்கால் அளவுப் புதுப்பனி தேவையே இல்லை. இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய சரிவு, அதுவும் காலை நேரம், அதுவே போதும்.

வீடியோ மட்டும் வேண்டாம், தயவுசெய்து. சரிவைக் கண்டதும் பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் பலகையின் முன்பக்கம் எடை இறங்காது. திருப்பவும் வராது, நிறுத்தவும் வராது. கணுக்காலை மடக்கி, முன்னங்கால் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்தும்படி நிற்க வேண்டும். நாம் சரியாகத்தான் நிற்கிறோம் என்று நமக்குத் தோன்றும். பயிற்றுநர் கண்ணுக்குத்தான் தப்பு தெரியும். முதல் இரண்டு நாளாவது வகுப்பில் சேருங்கள். ஆங்கில வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும், டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள்.

அப்புறம், குளிருக்குப் பயந்து பிள்ளைகளுக்கு இரண்டு காலுறை மாட்டாதீர்கள். பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறைந்தால் கால் இன்னும் சில்லிட்டுப் போகும். நீளமான மெல்லிய காலுறை ஒன்று போதும். பயணக் காப்புறுதியில் பனிச்சறுக்கு அடங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில திட்டங்களில் அது சேராது.