வலியோடு வேலைக்குப் போகலாமா?

கேள்வி: அக்கா, நான் தனியார் மருத்துவமனை நர்ஸ். சிக்குன்குனியா காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் மூட்டுவலி போகவில்லை. வார்டில் ஆள் குறைவு என்பதால் யாரிடமும் வலியைச் சொல்லாமல் டியூட்டிக்குத் திரும்பிவிட்டேன். பழைய வேகம் இல்லை. கூட இருப்பவர்களுக்குப் பாரமாகிவிட்டேனோ என்று மனசு உறுத்துகிறது. லீவு போட்டுவிடவா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புத் தங்கைக்கு,

இந்த மூட்டுவலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட இழுக்கும் என்று நோயாளிகளிடம் நீங்களே சொல்லியிருப்பீர்கள். முழுக்கக் குணமானால்தான் டியூட்டி என்று உட்கார்ந்தால் நாள் தள்ளிக்கொண்டே போகும். டாக்டர் சரி என்றால் தாராளமாகப் போங்கள். வலியை மறைப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இன்று ஹேண்ட்ஓவர் எடுக்கும்போதே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்: "சிஸ்டர், மணிக்கட்டு வலிக்குது. பேஷண்டைத் தூக்க, திருப்பிப் போட என்னால முடியாது. மருந்து, சார்ட் எல்லாம் நான் பாத்துக்கிறேன்." விரல் மடங்காத காலை நேரத்தில் ஊசி ஏற்றுவதை வேறொருவரிடம் விடுங்கள். சொல்லாமல் இருந்தால், உங்களை நம்பி ஒருத்தி நோயாளியின் தோளைத் தூக்குவாள். உங்கள் கை பாதியில் விட்டுவிடும். அடிபடுவது படுக்கையில் இருப்பவர். ஆள் பற்றாத வார்டில் பாதி வேலையைப் பொறுப்பாகச் செய்கிற ஒருத்தி எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? எந்தப் பாதி என்பது மட்டும் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.

வலியோடு ஆடிய இரண்டு இந்திய கிரிக்கெட் வீரர்களைப் பாருங்கள். 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சிட்னி டெஸ்டின் கடைசி நாள் காலையில் அஸ்வினால் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை என்று அவர் மனைவி பிறகு எழுதினார். கூட ஆடிய விஹாரிக்குத் தொடையின் பின்தசையில் காயம், ஓட முடியவில்லை. ரன்னைப் பற்றிக் கவலைப்படாமல் இருவரும் நின்று தடுத்தே ஆடினார்கள். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. கடைசிவரை ஆட்டமிழக்காமல் டெஸ்டை டிரா செய்தார்கள்.

அடுத்த பிரிஸ்பேன் டெஸ்டில் இருவரும் ஆடவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே அறிமுகமான வாஷிங்டன் சுந்தர் முதல் இன்னிங்ஸில் 62 அடித்தார், இந்தியா ஜெயித்தது. அதனால் கை காலை அசைக்கவே முடியாத நாளில் லீவு கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் சொல்லாமல் முந்தின இரவே போன் செய்யுங்கள், மாற்று ஆள் பார்க்க அவர்களுக்கும் அவகாசம் வேண்டும். வீக்கம் குறையவில்லை என்றால் இந்த வாரமே டாக்டரை மறுபடி பாருங்கள்.