256 ஜிபியில் இருந்து 1 டிபிக்கு: விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்தே குடிபெயர

கேள்வி: என் லப்டொப்பில் 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11, உபுண்டு என்ற லினக்ஸ் இரண்டும் இருக்கின்றன. சி டிரைவில் 9 ஜிபிதான் மிச்சம். 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிவிட்டேன். டவுனில் ஒரு கடையில் கேட்டால், விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருகிறோம், மற்றது எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். இறுதி ஆண்டு புரொஜெக்ட் இரண்டு பக்கமும் பாதி பாதியாகக் கிடக்கிறது. எல்லாவற்றையும் அப்படியே புதியதற்கு மாற்ற முடியாதா?
– கம்பஸ் மாணவி, கோணேசபுரி, திருகோணமலை

பதில்: முடியும். ஒன்றையும் புதிதாகப் போடத் தேவையில்லை. பிரதி எடுப்பதுதான் இதில் சுலபமான வேலை. குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளும். ஆட்கள் மாட்டிக்கொள்வதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்.

முதலில் வாங்கிய பொருளைச் சரிபாருங்கள். எம்.2 வடிவில் வரும் எஸ்எஸ்டிகளில் என்விஎம்இ, சாட்டா என்று இரண்டு வகை உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்றுக்கான ஸ்லொட்டில் மற்றது பொருந்தினாலும் வேலை செய்ய வேண்டும் என்றில்லை. பழையது எந்த வகையோ புதியதும் அதே வகையாக இருந்தால் தலைவலி இல்லை. உங்கள் லப்டொப்பில் ஒரு ஸ்லொட்தான் என்றால், புதிய டிஸ்கைப் போட்டு யூஎஸ்பியில் செருக ஒரு வெளிக்கூடு வேண்டும். அதுவும் அதே வகைக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். அதை நீல நிற யூஎஸ்பி 3 துவாரத்தில் செருகுங்கள். பழைய யூஎஸ்பி 2 செக்கனுக்கு 30, 40 எம்பிதான் தள்ளும். 150 ஜிபி போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும்.

அடுத்து விண்டோஸுக்குள் இரண்டு வேலை. ஒன்று, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்த வேண்டும். அது இயங்கும்போது, நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கும். சி டிரைவும் சரியாக மூடப்படாத நிலையில் கிடக்கும். அந்த நிலையில் குளோன்ஸில்லாவோ, பார்ட்டிஷன்களை (டிஸ்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளை) மாற்றும் ஜிபார்ட்டெட்டோ அதைத் தொட மறுக்கும். கன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸ் பகுதியில் இதை நிறுத்தலாம்.

மற்றது பிட்லொக்கர், அதாவது டிஸ்கில் உள்ளதைக் குறியாக்கிப் பூட்டி வைக்கும் வசதி. விண்டோஸ் ஹோம் பதிப்பில் இதற்கு டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். உபுண்டு போட்ட நாளிலேயே இதை நிறுத்தியிருப்பீர்கள். இருந்தாலும் செட்டிங்ஸில் ஒருமுறை பாருங்கள். இயங்குகிறது என்றால் நிறுத்திவிட்டு, முழுவதும் அவிழ்ந்து முடியும்வரை காத்திருங்கள். பூட்டிய பார்ட்டிஷனைப் பிரதி எடுக்கலாம், ஆனால் ஜிபார்ட்டெட்டால் அதைப் பெரிதாக்க முடியாது.

புரொஜெக்ட் கோப்புகளை ஒரு பென் டிரைவில் தனியாகவும் போட்டு வையுங்கள். பிறகு இன்னொரு பென் டிரைவில், பல ஐஎஸ்ஓக்களை ஒரே டிரைவில் இருந்து தொடங்க வைக்கும் வென்டோய் மூலம் குளோன்ஸில்லா, உபுண்டு இரண்டின் ஐஎஸ்ஓ கோப்புகளையும் ஏற்றிக்கொள்ளுங்கள். அதில் இருந்து லப்டொப்பைத் தொடங்கி, அதாவது குளோன்ஸில்லாவில் பூட் செய்து, டிவைஸில் இருந்து டிவைஸ், அதில் முழு டிஸ்கில் இருந்து முழு டிஸ்க் என்று தெரிவு செய்யுங்கள். எது மூலம், எது இலக்கு என்று கேட்கும் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். பெயரைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள்: 256 மூலம், 1 டிபி இலக்கு. மாறிக் கொடுத்தால் வெற்று டிஸ்கின் பிரதி உங்கள் புரொஜெக்டின் மேல் போய் உட்காரும். பார்ட்டிஷன்களை விகிதப்படி தானாகப் பெரிதாக்கும் வசதியும் அதில் உண்டு. எனக்கு அதில் விருப்பம் இல்லை. விண்டோஸைப் பழுதுபார்க்க ஒதுக்கிய சிறிய ரிக்கவரி பார்ட்டிஷனையும் சேர்த்து ஊத வைத்துவிடும். பழைய அளவிலேயே எடுங்கள்.

முடிந்ததும் முழுதாக அணைத்து, பழையதைக் கழற்றிப் புதியதை உள்ளே போடுங்கள். பழையதை எந்தத் துவாரத்திலும் செருகாதீர்கள். குளோன் என்றால் அடையாள எண்கள் உட்பட எல்லாமே ஒன்று. இரண்டும் சேர்ந்து இருந்தால் உபுண்டு எதைத் திறந்து பாவிக்கிறது என்று நிச்சயம் இல்லை. விண்டோஸ் ஒன்றை ஒஃப்லைன் ஆக்கிவிடக்கூடும்.

இனித்தான் முக்கியமான கட்டம். இப்போதே விண்டோஸைத் திறந்து பார்த்தால் சி டிரைவில் அதே 9 ஜிபிதான் மிச்சம் காட்டும். 1 டிபி என்று வாங்கியதை விண்டோஸ் 931 ஜிபி என்று கணக்கிடும். அதில் கிட்டத்தட்ட 690 ஜிபி ஒதுக்கப்படாமல் கடைசியில் கிடக்கும். சி டிரைவைப் பெரிதாக்கப் போனால் விண்டோஸில் அந்தப் பொத்தானே அமுங்காது. வரிசையாக நான்கைந்து வளவுகள் என்று நினையுங்கள்: சி, அடுத்து ரிக்கவரி, அடுத்து உபுண்டு, அதற்கும் அப்பால் வெறுங்காணி (சிலதில் ரிக்கவரியும் உபுண்டுவும் இடம் மாறி இருக்கும்; அப்போது கடைசியில் இருப்பதை முதலில் நகர்த்துங்கள்). சியின் வேலியைத் தள்ளிப் போட வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் இரண்டு வீட்டுக்காரரும் எழும்பி அந்தப் பக்கம் போக வேண்டும்.

அதைச் செய்வது ஜிபார்ட்டெட். உபுண்டு ஐஎஸ்ஓவில் பூட் செய்து, இன்ஸ்டோல் செய்யாமல், முயன்று பார்க்கும் நிலையில் அதைத் திறங்கள். டிஸ்கின் முழு இடமும் பயன்படவில்லை, சரிசெய்யவா என்று கேட்டால் சம்மதியுங்கள். முதலில் உபுண்டு பார்ட்டிஷனை வலப்பக்கம் நகர்த்தி, வேண்டிய அளவுக்கு விரியுங்கள். பிறகு ரிக்கவரியை அதை ஒட்டி நகர்த்துங்கள். கடைசியாக சியை வலப்பக்கம் நீட்டுங்கள். சிக்கு 500 ஜிபி, மீதி உபுண்டுவுக்கு என்பது உங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன். சி தொடங்கும் இடத்தை மட்டும் தொடாதீர்கள். முன்னால் இருக்கும் சிறிய ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையும் அப்படியே விடுங்கள். இரண்டுக்கும் பூட் கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன.

பார்ட்டிஷனை நகர்த்துவது ஆபத்தான வேலை. தரவு முழுவதும் இடம் மாற்றி எழுதப்படுகிறது. நடுவில் மின்சாரம் போனால் அந்தப் பார்ட்டிஷன் போய்விடும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அந்த நாட்டில்தான் நாம் இருக்கிறோம். ஆனாலும் இதற்கு இதைவிடப் பாதுகாப்பான நேரம் கிடைக்காது. புதிய டிஸ்கில் நீங்கள் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. பழையது அப்படியே மேசையில் இருக்கிறது. கெட்டுப்போனால் திரும்பக் குளோன் செய்யலாம், அவ்வளவுதான். இதையே இரண்டு மாதம் பாவித்த பிறகு செய்யப் போனால் கதை வேறு. எப்படியும் பட்டரியை நிரப்பி, சார்ஜரையும் செருகியே வையுங்கள்.

இதில் மனம் ஒப்பவில்லை என்றால் எதையும் நகர்த்த வேண்டாம். கடைசியில் இருக்கும் காலி இடத்தில் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் பாவிக்கும் வடிவம்) பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, டவுன்லோட்ஸ், டொக்குமென்ட்ஸ் எல்லாவற்றையும் அங்கே மாற்றுங்கள். விண்டோஸ், உபுண்டு இரண்டும் அதை வாசிக்கும். உங்கள் சி நிரம்பியது கோப்புகளால் என்றால் இதுவே போதும். பெரிய சொப்ட்வெயர்களால் என்றால் போதாது.

இனி பூட் செய்து பாருங்கள். உபுண்டுவின் கறுப்பு மெனு வராமல் நேரே விண்டோஸுக்குப் போனால் பதறாதீர்கள், உபுண்டு அங்கேதான் இருக்கிறது. லப்டொப் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயோஸில் பூட் வரிசையைப் பார்த்து உபுண்டுவை மேலே கொண்டு வாருங்கள். பட்டியலிலேயே இல்லை என்றால், சில லப்டொப்களில் பயோஸிலேயே புதிய பூட் பதிவைச் சேர்க்கலாம்: ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் உபுண்டு என்ற கோப்புறையில் ஷிம் என்று தொடங்கும் கோப்பைக் காட்டினால் போதும். அந்த வசதி இல்லாவிட்டால் அதே பென் டிரைவில் பூட் செய்து, பூட் ரிப்பேர் என்ற கருவியை இறக்கி ஓட்டுங்கள்.

பழைய டிஸ்கை புரொஜெக்ட் ஒப்படைக்கும்வரை அழிக்காதீர்கள். அதன் பிறகு வெளிக்கூட்டில் போட்டு, பென் டிரைவில் இருந்து உபுண்டுவைத் திறந்து, ஜிபார்ட்டெட்டில் புதிய பார்ட்டிஷன் டேபிள் போட்டு, அதில் ஒரு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை உருவாக்கினால் அது சாதாரண வெளி டிரைவ் ஆகிவிடும். அப்போதும் அழிக்க முன் அளவைப் பாருங்கள்; 238 ஜிபி என்று காட்டுவதுதான் பழையது.