இன்ஜின் இல்லாத விமானமான கிளைடரில் பறப்பதில் அப்படி என்ன சுகம்?

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் வெயில் ஏறிய பிறகு நின்று பாருங்கள். பள்ளத்தாக்கில் ஒரு பருந்து சிறகே அடிக்காமல் வட்டமிட்டு வட்டமிட்டு, கடைசியில் உங்கள் தலைக்கு மேலே போய்விடும். கிளைடர் ஓட்டுபவருக்குக் கிடைப்பதும் அந்தச் சுகம்தான்.

கிளைடர் காற்றுக்குள் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நல்ல கிளைடர் என்றால், அசையாத காற்றில் 1 கிலோமீட்டர் இறங்குவதற்குள் 40 கிலோமீட்டர் முன்னே போய்விடும். அது இறங்குவதைவிட வேகமாகக் காற்று மேலே ஏறினால், கிளைடரும் சேர்ந்து ஏறும். சுட்ட பாறையிலிருந்து எழும் காற்று ஒன்று. மலைச்சரிவில் மோதி ஏறும் காற்று இன்னொன்று. சமவெளியிலிருந்து மஞ்சு ஏறி வருமே, அதைச் சுமந்து வருவதும் மேலேறும் காற்றுதான்.

ஆனால் காற்று கண்ணுக்குத் தெரியாது. திரளும் மேகம், வட்டமிடும் பருந்து, ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் வேரியோமீட்டர், இவற்றை வைத்துத் தேட வேண்டும். கிடைத்த நொடியில் இருக்கை உங்களை மெல்லத் தூக்கும். என்னைக் கேட்டால் ஈர்ப்பு முழுக்க இந்தத் தேடலில்தான் இருக்கிறது. அடுத்த அரைமணி நேரப் பறத்தலை நீங்களே சம்பாதிக்கிறீர்கள்!

அப்புறம், சரிவிலிருந்து ஓடிக் கிளம்பும் பாராகிளைடிங் வேறு. கிளைடரைக் கிளப்பப் பெரும்பாலும் இழுவை விமானமோ, தரையிலிருந்து கம்பியைச் சுற்றி இழுக்கும் வின்ச்சோ வேண்டும்.