ஒரு கோப்பை, இரண்டு பேர்: வாசகர் கேள்வி – பதில்

சோடியாக வெளிநாடு வெளிக்கிடுகிற திருகோணமலை வாசகர்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவை இந்த முறை.

கேள்வி: கல்யாணத்துக்குப் பிறகு முதற்பயணம். பாங்கொக்கில் ஐந்து நாள், பினாங்கில் நாலு நாள். இவருக்கு எல்லாவற்றையும் ருசி பார்க்க வேணும், நான் கோழிக்குஞ்சு மாதிரிக் கொறிக்கிற ஆள். தெருக்கடைகளில் எப்படி ஓடர் பண்ணுவது? (உப்புவெளி வாசகி)

பதில்: ஒரு கடையில் ஒரு கோப்பை, இரண்டு கரண்டி. அவ்வளவுதான். பாங்கொக் தெருக்கடையின் ஒரு கோப்பை எங்களூர்ச் சோற்றுப் பார்சலில் பாதிதான் இருக்கும். இரண்டு பேரும் முதற்கடையிலேயே ஆளுக்கொன்று வாங்கினால் மூன்றாவது கடையில் வயிறு நிறைந்துவிடும். பகிர்ந்தால் ஆறு கடை பார்க்கலாம்.

சோறும் கறியும் விற்கும் கடையில் தட்டுகளைக் கையால் காட்டி வாங்கலாம். பகல் பன்னிரண்டுக்கு முன் போங்கள். காலையில் சமைத்த கறி இரண்டு மணிக்கும் அதே தட்டில் ஆறிக்கிடக்கும். கண்முன்னே தாச்சியில் பிரட்டிக் கொடுக்கும் கடைக்கு எந்த நேரமும் போகலாம்.

பினாங்கில் முறை வேறு. ஒருவர் மேசையைப் பிடிக்க, மற்றவர் கடை கடையாகப் போய் மேசை இலக்கத்தைச் சொல்லி ஓடர் கொடுப்பார். குடிக்க ஏதாவது வாங்காமல் மேசையில் குந்தியிருந்தால் முகம் சுளிப்பார்கள். பிளேன்ரீக்குத் 'தே ஓ' என்று கேளுங்கள், சீனி போட்டு வரும். சீனி வேண்டாமென்றால் 'தே ஓ கோசொங்'. 'சார் குவே தியாவ்' என்ற பிரட்டல் நூடில்ஸில் மட்டி பாதி வெந்தபடிதான் விழும். 'தாக் மாவு கெராங்' என்றால் மட்டி போடமாட்டார்கள்.

இந்தப் பகிர்வு ஜப்பானின் ராமென் கடையில் செல்லாது. அங்கே ஆளுக்கொரு கிண்ணம் வாங்குவதுதான் மரியாதை. இன்னொன்று, ஒருவரின் குச்சியிலிருந்து மற்றவரின் குச்சிக்கு உணவைக் கைமாற்றாதீர்கள். சுடலையில் எரிந்த எலும்பை எடுக்கும் சடங்கில் செய்வது அது. ஊட்டிவிடும் ஆசையை ஹோட்டல் அறையில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மனைவி செவ்வாய், வெள்ளி மரக்கறி. நான் மாட்டிறைச்சி தொடமாட்டேன். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் போதுமா? (சாம்பல்தீவு வாசகர்)

பதில்: போதாது. இறைச்சித்துண்டு கண்ணில் படுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. சாற்றில் என்ன கரைந்திருக்கிறது என்பதுதான் முதலாவது. தாய்லாந்தில் மீன் சோஸ், மலேசியாவில் 'பெலாச்சான்' என்ற இறால் விழுது, ஜப்பானில் 'டாஷி'. மூன்றுமே கண்ணுக்குத் தெரியாது. கங்குங் கீரைச் சுண்டல் என்று நம்பி வாங்கினால் அதில் இறால் இருக்கும்.

டாஷியை எங்கள் ஆட்களுக்கு விளக்குவது சுலபம்: அது மாசித்தண்ணி. சூரையை அவித்து, புகையூட்டி, கட்டை போலக் காயவைத்தால் மாசி. ஜப்பானியர் அதே சூரையில் 'கட்சுவோபுஷி' செய்து, தும்பு தும்பாகச் சீவி வெந்நீரில் ஊறவைத்து வடிப்பார்கள். மிசோ சூப், முட்டைப் பொரியல், அவித்த கீரை, குளிர் நூடில்ஸ் தொட்டுக்கொள்ளும் சோஸ் எல்லாவற்றிலும் அது உண்டு. ஆகவே விரத நாளில் 'கொம்பு டாஷி'யா என்று கேளுங்கள். கொம்பு என்றால் மாட்டுக்கொம்பு அல்ல, கடற்பாசி. இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் 'ஷோஜின் ரியோரி' என்ற பௌத்த விகாரைச் சாப்பாடு. விலை கூட, ஆனால் மீன் வாடையே இராது.

தாய்லாந்தில் 'ஜே' என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பாக 17 போன்ற எழுத்துத் தெரியும் கடை அது. இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயம் உள்ளியும் சேர்க்கமாட்டார்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாளும் அங்கே ஜே திருவிழா, பல வருடங்களில் எங்கள் நவராத்திரியோடு சேர்ந்தே வரும். சாதாரணக் கடையில் 'மை சை நாம் ப்ளா' என்றால் மீன் சோஸ் போடவேண்டாம் என்று அர்த்தம். முடிவில் நீங்கள் 'க்ராப்' என்றும் மனைவி 'கா' என்றும் சேர்த்தால் மரியாதை.

வியட்நாமில் 'சாய்' என்ற பலகையைத் தேடுங்கள். அமாவாசையிலும் பறுவத்திலும் அங்கும் பலர் மரக்கறிதான், அந்த இரண்டு நாளும் தெரிவு கூட. உங்களுக்குத்தான் கவனம் தேவை. 'ஃபோ' என்ற நூடில்ஸ் சூப் பெரும்பாலும் மாட்டெலும்பில் கொதித்தது. 'ஃபோ கா' என்றால் கோழி. மாடு கோழி இரண்டையும் விற்கும் கடையை விட்டு, கோழி மட்டும் விற்கும் கடைக்குப் போவது நல்லது.

இந்தியா வழியாகப் போகிறீர்களானால் அங்கே பொதி உணவில் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளியைப் பாருங்கள், அது மரக்கறி.

கேள்வி: நானும் கணவரும் வியட்நாம், மலேசியா போகிறோம். ஹலால் சாப்பாடு கிடைக்குமா? (கிண்ணியா வாசகி)

பதில்: மலேசியாவில் ஜாக்கிம் (அரசின் இஸ்லாமிய விவகாரத் திணைக்களம்) கொடுக்கும் ஹலால் முத்திரையைப் பார்த்து உள்ளே போகலாம். பினாங்கின் 'நாசி கண்டார்' தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவுதடி கட்டி விற்றுத் தொடங்கிய சாப்பாடு, கண்டார் என்பதே அந்தக் காவுதலைத்தான் குறிக்கும். 'பாஞ்சிர்' என்று சொன்னால் நாலைந்து குழம்பையும் கலந்து சோற்றை மூழ்கடிப்பார்கள். கேட்கவேண்டியது விலையை. கோழி, கீரை மலிவு. பெரிய இறால், கணவாய், மீன் சினை தட்டில் ஏறினால் கணக்கும் ஏறும். கை காட்டுமுன் ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள்.

சுமாத்திராவின் பாடாங் கடையில் இதற்கு நேர்மாறு. கேட்காமலே பத்துப் பதினைந்து தட்டுகளை மேசையில் அடுக்குவார்கள். தொட்டதற்கு மட்டும் காசு. குழம்பில் கரண்டியை விட்டாலே தொட்டதாகக் கணக்கு.

வியட்நாமில் ஹோ சி மின் நகரின் டொங் டு வீதியில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935 இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. ஹலால் கடைகளை அந்தப் பக்கம் தேடுங்கள். மற்ற இடங்களில் இறைச்சியைத் தவிர்த்தாலும் பன்றிக்கொழுப்பில் பிரட்டியிருக்கலாம். 'எண்ணெய் எது' என்பதையும் கேட்க வேண்டும்.

கேள்வி: பயணத்தில் மாசிச் சம்பல், அச்சாறு கொண்டுபோகலாமா? (மூதூர் வாசகர்)

பதில்: கைப்பையில் வேண்டாம். எண்ணெயோ சாறோ உள்ளது திரவமாகவே எண்ணப்படும், 100 மில்லிலீற்றருக்கு மேல் பறித்துவிடுவார்கள். பெரிய பெட்டியில், இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி வையுங்கள். மீன், இறைச்சி கலந்ததை இறங்கும் நாட்டின் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். சிங்கப்பூருக்குச் சுவிங்கம் கொண்டுபோகவே கூடாது.

கேள்வி: நாங்கள் கடற்கரை ஆட்கள், மீனைப் பார்த்தால் தெரியும். வெளிநாட்டில் எங்கே ஏமாறுவோம்? (திருக்கடலூர் வாசகர்)

பதில்: மூன்று இடத்தில்.

முதலாவது விலைப்பலகை. தொட்டியில் உயிரோடு இருக்கும் நண்டுக்கு எழுதிய விலை பல இடங்களில் 100 கிராமுக்குத்தான். 800 கிராம் நண்டென்றால் எட்டால் பெருக்குங்கள். தராசில் வைக்கச் சொல்லி, மொத்தத் தொகையை எழுதிக் காட்டச் சொல்லிவிட்டு அடுப்புக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது சூரை, கும்பளா வகை. வெயிலில் கிடந்தால் தசைக்குள் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் ஊறும். சமைத்தாலும் அது போகாது. வாயில் மிளகு போட்டது போலச் சுள்ளென்றால் துப்பிவிடுங்கள். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணிக்குள் முகம் சிவந்து தலை இடிக்கும். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி.

மூன்றாவதில்தான் கடற்கரை ஆட்கள் கூடுதலாக மாட்டுப்படுவார்கள். லாவோஸிலும் வடகிழக்குத் தாய்லாந்திலும் பச்சை ஆற்றுமீனைக் கொத்தி, தேசிக்காய் பிழிந்து கொடுப்பார்கள். புளியில் தசை வெள்ளையாகி வெந்தது போலத் தெரியும். உள்ளிருக்கும் ஈரல் தட்டைப்புழுவின் குஞ்சு புளிக்குச் சாகாது. பச்சைப் பப்பாசிச் சம்பலான 'சொம் தாம்' வாங்கும்போதும் உப்பிலிட்ட பச்சை நண்டு வேண்டாமென்று சொல்லுங்கள். கச்சானும் கூனி இறாலும் போட்ட 'சொம் தாம் தாய்' முதல்முறைக்குப் போதும்.

கேள்வி: இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றோட்டம் வந்தால் யார் யாரைப் பார்ப்பது? (பாலையூற்று வாசகி)

பதில்: அதனாலேதான் ஒரு கோப்பைச் சட்டத்துக்கு ஒரு விலக்கு. பச்சைச் சிப்பி போன்ற சந்தேகமான சாமானை இன்று ஒருவர் மட்டும் சாப்பிடட்டும், மற்றவர் நாளைக்கு.

பெட்டியில் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூள் ஆறு பைக்கற் வையுங்கள். ஒரு பைக்கற்றை 1 லீற்றர் சுத்தமான தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பைக்கற்றைக் கண்மட்டத்தில் கிளாஸில் போடுவதுதான் பெரும்பாலானோர் விடும் பிழை, உப்பு கூடினால் ஓட்டமும் கூடும். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். பைக்கற் இல்லையென்றால் 1 லீற்றருக்கு 6 மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. சத்தி இருந்தால் மடமடவென்று குடிக்காமல் ஒவ்வொரு மிடறாக.

ஓட்டத்தை நிறுத்தும் லோபெரமைட் குளிசை பஸ் பயணத்துக்கு உதவும். காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் அதைப் போடாமல் வைத்தியரிடம் போங்கள். தண்ணீர் வயிற்றில் தங்காவிட்டாலும், ஆறேழு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம்.

ஐஸைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். நடுவில் துளையுள்ள குழாய் ஐஸ் தொழிற்சாலையில் செய்தது, பெரும்பாலும் பிரச்சினையில்லை. பாளத்தை உடைத்த ஐஸைத் தவிருங்கள். உண்மையில் பயப்பட வேண்டியது முத்திரையில்லாத போத்தல் சாராயத்துக்கு. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் மெதனோல் கலந்த குடியால் ஆறு உல்லாசப் பயணிகள் இறந்தார்கள்.

கேள்வி: தாய்லாந்தில் குடித்த 'தொம் யாம்' சூப்பை வீட்டில் செய்தால் ரசம் மாதிரி வருகிறது. எங்கே பிழை? (நிலாவெளி வாசகி)

பதில்: தாளித்திருப்பீர்கள், அல்லது மஞ்சள் போட்டிருப்பீர்கள். இரண்டும் வேண்டாம்.

இரண்டு பேருக்கு நடுத்தர இறால் 250 கிராம். தலையையும் கோதையும் எறியாமல் 1 தேக்கரண்டி எண்ணெயில் மூன்று நிமிடம் வதக்குங்கள். தலையைக் கரண்டியால் நசித்தால் செம்மஞ்சள் கொழுப்பு வெளியே வரும், சூப்பின் நிறம் அதுதான். 600 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். அதில் நசித்த லெமன் கிராஸ் இரண்டு தண்டு, பேரரத்தை ஐந்து வட்டம், நடுநரம்பு நீக்கிக் கிழித்த காட்டுத்தேசி இலை நாலு. இஞ்சி பேரரத்தைக்கு மாற்றாகாது. காட்டுத்தேசி இல்லாவிட்டால் வீட்டுத் தேசியின் கொழுந்திலையைப் போடலாம், மணம் கொஞ்சம் குறையும்.

ஐந்து நிமிடத்துக்குப் பிறகு காளான் 100 கிராம், மீன் சோஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, கடைசியில் இறால். இறால் வளைந்து நிறம் மாற இரண்டு நிமிடம் போதும். அடுப்பை அணைத்த பிறகுதான் தேசிப்புளி 2 மேசைக்கரண்டியும் தட்டிய கொச்சி மிளகாய் நாலும். கொதிக்கும்போது புளி விட்டால் கசக்கும், கறிக்கு விடுகிற பழக்கத்தில் பலர் செய்வது இது. உப்புப் போதாவிட்டால் இன்னும் அரை மேசைக்கரண்டி மீன் சோஸை இப்போது சேருங்கள்.

மிஞ்சினால் இறாலை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுச் சாற்றை மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுபடி சூடாக்கிய இறால் றப்பர்.